நோவோடு பல வருஷம்: குளிசையா, நடையா, கொழும்பா, எண்ணெயா?

போன மாதம் காரைதீவில் இருந்து தம்பியின் மனைவி போன் எடுத்தாள். "மச்சாள், ரிப்போட் எல்லாம் நல்லமாம். ஆனா உடம்பெல்லாம் நோகுது. டொக்டர் ஃபைப்ரோமயால்ஜியா எண்டு எழுதித் தந்திருக்கார். நான் இப்ப என்னத்தச் செய்யிற?"

அவளுக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன. கல்முனைக் கிளினிக்கில் கொடுத்த இரவுக் குளிசை. அதே வைத்தியர் சொல்லிவிட்ட நடை. "கொழும்புக்குக் கொண்டுபோய் பெரிய டொக்டரிட்டக் காட்டுவம்" என்று நிற்கும் என் தம்பி. 21 நாள் எண்ணெய் போட்டால் சுகமாகும் என்று சொன்ன பக்கத்து ஊர்ப் பரியாரியார். கையில் இருந்த காசு இதில் இரண்டுக்குத்தான் காணும். உடம்பில் இருந்த தெம்பு ஒன்றுக்குக்கூடக் காணுமோ தெரியாது.

எனக்கு இந்த வருத்தத்தின் பெயர் கிடைத்தது 2017 இல். அதற்கு முன் நாலு வருஷம் பெயரில்லாமலே நொந்தேன். மட்டக்களப்பு கல்லடியில் வீட்டில் இருந்து தையல் வேலை செய்கிறேன். ஒரு நாள் காலை திருவலையில் உட்கார்ந்து அரைத் தேங்காயைத் திருவி முடிப்பதற்குள் மூன்று தரம் நிறுத்தினேன். கையில் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. பார்க்கிறவருக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அழுதது நோவுக்கா, காட்ட ஒன்றும் இல்லாமல் போனதற்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் கேட்ட வழிகள் நாலையும் நான் நடந்து பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதை, இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் இது என்ன வருத்தம் என்பதில் தெளிவு வேண்டும். வழியைத் தெரிவதே அதில்தான் தங்கியிருக்கிறது. கோயில் திருவிழாவில் மைக்கில் ஒருவர் மெல்ல இருமினாலும் ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கேட்க வைக்கும் அல்லவா? இந்த வருத்தத்திலும் அதுதான் நடக்கிறது. தசையில் இருந்தும் தோலில் இருந்தும் போகும் சின்னச் சேதியை முதுகுத்தண்டும் மூளையும் பெரிதாக்கி வாங்குகின்றன. நோவு உண்மையானது, ஆனால் நோகிற இடத்தில் புண்ணோ அழற்சியோ இல்லை. அதனால்தான் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகள் சரியாக வருகின்றன, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரிவதில்லை. நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. பெண்களிடம்தான் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறார்கள். மூட்டைக் கோணலாக்காது, ஆளைப் படுக்கையில் போட்டு முடமாக்காது. ஆனால் நோவோடு சேர்ந்து, படுத்தும் தூங்காத மாதிரி எழும்புவது, தீராத அலுப்பு, சொல்ல வந்த சொல் நாக்கு நுனியில் மறந்து போவது எல்லாம் வரும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால்தான் இந்தப் பெயரை வைப்பார்கள்.

1990 இல் வந்த அளவுகோலில் உடம்பின் 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து, 11 இடம் நொந்தால் இதுதான் என்றார்கள். 2010 இல் அதை மாற்றி, எத்தனை இடத்தில் நோவு, அலுப்பும் தூக்கமும் எப்படி என்று கேட்டு எடை போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆகவே உங்கள் வைத்தியர் அழுத்திப் பார்க்காமல் கேள்வியாகக் கேட்டால், அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். சில பரிசோதனைகளை மட்டும் கேட்டு வாங்குங்கள்: தைரொய்டுக்கான டீஎஸ்எச், இரத்தசோகைக்கான பரிசோதனை, முடிந்தால் விற்றமின் டீ. தைரொய்டு குறைந்தாலும் உடம்பு இப்படித்தான் நோகும். அதற்கு மருந்து வேறு.

சரி, வழிகளுக்கு வருகிறேன். நான் எதை எடைபோட்டாலும் ஒரு கேள்வியை வைத்துத்தான் போடுகிறேன். மாரி மழை மூன்று நாள் விடாமல் கொட்டி, ஒழுங்கை எல்லாம் தண்ணீர் நின்று, உடம்பு எழும்ப மறுக்கிற அந்தக் கிழமையிலும் இதை என்னால் செய்ய முடியுமா? இது முப்பது நாளில் முடிகிற வருத்தம் இல்லை. நல்ல நாளில் மட்டும் செய்யக்கூடிய வைத்தியம் இதற்குச் சரிவராது.

குளிசையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம். பாமசியில் கேட்டு வாங்குகிற டைக்ளோபெனாக், இபுபுரூபன் வகைகள் அழற்சிக்கான மருந்துகள். அழற்சியே இல்லாத வருத்தத்தில் அவை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், பிறஷர் ஏறும், சிறுநீரகம் பழுதாகும். அம்பாறை மாவட்டத்தில் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் பரவிய ஊர்கள் இருக்கின்றன. நம்மவர்கள் இந்தக் குளிசையில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். பனடோல் கெடுதி குறைவு, பலனும் குறைவு. ஸ்டெரொய்ட் ஊசியும் அபின் வகைக் கடும் வலிமருந்துகளும் இந்த வருத்தத்துக்கு வேண்டாம் என்பதில் வைத்தியர்களிடம் இரண்டு பேச்சு இல்லை.

மச்சாளுக்குக் கொடுத்தது அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிற பழைய மருந்து. மனச்சோர்வுக்கு இதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கொடுப்பார்கள். இந்தச் சின்ன அளவு ஆழ்ந்த தூக்கத்துக்கும், நரம்பு நோவைப் பெரிதாக்குவதைக் கொஞ்சம் அடக்குவதற்கும். அவளுடைய மாமி பெட்டியில் இருந்த பெயரை யாரிடமோ விசாரித்துவிட்டு "இது பைத்தியக் குளிசையாம், போடாத புள்ள" என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் 2017 இல் இதையே சொன்னார்கள், நான் எட்டு மாதம் போடாமல் வைத்திருந்தேன். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்காது.

அந்தக் குளிசையிலும் குறைகள் இருக்கின்றன. வாய் காயும், மலச்சிக்கல் வரும், சிலருக்கு எடை கூடும். படுக்கும் நேரத்தில் போட்டால் அடுத்த நாள் காலை பத்து மணி வரை தலை பாரமாக இருக்கும். நான் எட்டு மணிக்குப் போட்டுப் பத்து மணிக்குப் படுக்கிறேன், காலையில் பாரம் இல்லை. இதயத் துடிப்பில் கோளாறு, கண்ணில் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். பலன் எல்லோருக்கும் வராது, வந்தவர்களுக்கும் போகப் போகக் குறையலாம்.

அமிட்ரிப்டிலின் ஒத்துவராதவர்களுக்கு டுலோக்செட்டின், பிரிகபலின் என்று இரண்டு இருக்கின்றன. அமெரிக்க மருந்து அனுமதிச் சபை இந்த வருத்தத்துக்கென்று பிரிகபலினை 2007 இலும் டுலோக்செட்டினை 2008 இலும் அனுமதித்தது. அனுமதி என்றவுடன் பெரிதாக நினைக்க வேண்டாம். பிரிகபலினை மருந்தில்லாத வெறும் குளிசையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பாதி நோவு குறைந்தவர்கள் பத்துப் பேருக்கு ஒருவர் அளவில்தான் கூடுதலாக இருந்தார்கள். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் அது பெரிய விஷயம். ஆனால் தலைசுற்று, கால் வீக்கம், எடை என்று கூடவே வரும். கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்கள் வைத்தியரோடு பேசாமல் அதைத் தொடவே கூடாது. நம் நாட்டில் அதைப் போதைக்கு எடுக்கிற பழக்கமும் வந்துவிட்டது, வீட்டில் பொடியன்கள் இருந்தால் பூட்டி வையுங்கள். டுலோக்செட்டின் முதல் இரண்டு கிழமை வயிற்றைப் பிரட்டும். நோவோடு மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு அது நல்ல தெரிவு. இரண்டையும் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தனியார் வைத்தியர் இதோடு ட்ரமடோல் என்ற வலிக் குளிசையையும் எழுதினால், முன்பே போடுகிற குளிசையின் பெயரைக் காட்டுங்கள். சேர்த்துப் போட்டால் உடம்பு நடுங்கி, காய்ச்சல் ஏறி ஆபத்தாகலாம்.

மாரிக் கிழமைக் கேள்விக்குக் குளிசை தேறுகிறது. மழையிலும் விழுங்கலாம். ஆனால் குளிசையால் நான் நல்லாத் தூங்கினேன், அவ்வளவுதான். தேங்காய் திருவும் பலம் அதனால் வரவில்லை.

நடையைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நோகிற உடம்பை நடக்கச் சொல்வது கல்நெஞ்சு மாதிரித் தெரியும். எனக்கும் கோபம் வந்தது. ஐரோப்பிய வாதநோய் வைத்தியர்களின் அமைப்பு 2016 இல் தன் பரிந்துரைகளைத் திருத்தியபோது, குளிசைகள் உட்பட, தான் ஏற்றுக்கொண்ட மற்ற வழிகளுக்கு "செய்து பார்க்கலாம்" என்ற அளவில்தான் ஆதரவு கொடுத்தது. உறுதியாகச் செய் என்று சொன்னது உடற்பயிற்சி ஒன்றை மட்டுமே. இதைப் பிறகுதான் அறிந்தேன். அறிந்தபோது ஒரு தரம் நடையைத் தொடங்கிக் கைவிட்டிருந்தேன்.

கைவிட்டதற்குக் காரணம், தொடங்கிய விதம். தம்பி நல்ல சப்பாத்து வாங்கித் தந்தான். முதல் நாளே கடற்கரை மணலில் முக்கால் மணி நேரம் நடந்தேன். அடுத்த நான்கு நாள் படுக்கை. "பார், இது எனக்குச் சரிவராது" என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டாம் தரம் பிசியோதெரபி மிஸ் ஒருவர் சொன்னபடி செய்தேன். எங்கள் ஒழுங்கை வாசலில் இருந்து மூன்றாவது மின்கம்பம் வரை போய்த் திரும்பினேன். ஐந்து நிமிஷம்கூட இல்லை. ஒரு கிழமை முழுக்க அதே மூன்றாவது கம்பம், உடம்பு நல்லா இருந்த நாளிலும் அதற்கு மேல் போகவில்லை. அடுத்த கிழமை நான்காவது. முதல் மூன்று நான்கு கிழமை நோவு கூடத்தான் செய்தது. இதை முன்பே சொல்லி வைத்திருந்ததால் பயப்படவில்லை. ஏழாவது கிழமை அளவில் ஒரு நாள், திருவலையில் இருந்து நிறுத்தாமல் எழும்பியதைக் கவனித்தேன். இப்போது காலை ஆறு மணிக்கு, வெயில் ஏற முன், 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலம் வரை போய் வருகிறேன். மழை என்றால் விறாந்தையில் நடை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துப் பத்துத் தரம் தூக்குகிறேன். சின்னப் பாரம் தூக்கிப் பழகுவதும் இந்த வருத்தத்துக்கு நல்லது.

நடை வேண்டாம் என்பவர்களுக்கு மெதுவான அசைவுப் பயிற்சிகள் இருக்கின்றன. 2018 இல் அமெரிக்காவில் 226 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சீனத்துத் தாய்ச்சி செய்தவர்கள் வேக நடை போன்ற பயிற்சி செய்தவர்களுக்குச் சமமாகவோ கூடவோ தேறினார்கள். நமக்குத் தாய்ச்சி கிடைக்காது, ஆனால் மெதுவாகச் செய்கிற யோகா பல ஊரில் இருக்கிறது. இளம் பிள்ளைகளோடு போட்டி போட்டு வளைக்கிற வகுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீருக்குள் செய்கிற பயிற்சியும் நல்லது என்கிறார்கள். பாசிக்குடாவில் கடல் வெகுதூரம் இடுப்பளவுதான், வெயில் காலத்தில் தண்ணீர் இதமாக இருக்கும். ஒரு ஞாயிறு அங்கே கழுத்தளவில் நின்று கையைக் காலை ஆட்டியபோது உடம்பில் பாரமே இல்லாதது மாதிரி இருந்தது. ஆனால் பஸ்ஸில் போய் வந்த அலுப்பு அடுத்த நாள் அதை வாங்கிக்கொண்டது. பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், தூரத்தில் இருந்து போக வேண்டாம்.

நடையோடு சேர்த்துத்தான் இதையும் சொல்ல வேண்டும். நல்ல நாள் வந்தால் நமக்கு ஆசை வந்துவிடும். தைப்பொங்கலுக்கு முதல் கிழமை ஒரே நாளில் நாலு சட்டை தைத்து முடித்தேன், பொங்கலன்று எழும்ப முடியவில்லை. இப்போது போனில் இருபது நிமிஷம் மணி வைத்து, அடித்தால் மெஷினை விட்டு எழும்புகிறேன், ஊசி பாதித் தையலில் நின்றாலும். கதிர்காமத்துக்கு நடந்து போக ஆசைப்பட்டு நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். உகந்தை வரை பஸ்ஸில் போய், முருகனைக் கும்பிட்டு, காட்டுக்குள் இறங்குகிறவர்களை வழியனுப்பிவிட்டு நான் வருகிறேன். நேர்த்தி அதில் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை.

கொழும்புப் பயணத்தில் தம்பிக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. அவனுடைய பாசம் எனக்கு விளங்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். போக 300 கிலோமீற்றருக்கு மேல், பஸ்ஸிலோ ரயிலிலோ ஓர் இரவு. பெரிய டொக்டரைப் பார்க்கிற சனல் காசு, தங்குகிற காசு, ஒருவரின் நாட்சம்பளம். திரும்பி வந்து மூன்று நாள் படுக்கை. இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? இந்த வருத்தத்தைப் பேசியும் தொட்டும்தான் கண்டுபிடிக்கிறார்கள், அதைக் காட்டுகிற ஸ்கேன் கொழும்பிலும் இல்லை. நான் 2018 இல் போனேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, மட்டக்களப்பில் எழுதிய அதே குளிசையை எழுதி, அதே நடையைச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது பிழை இல்லை. எனக்குத்தான் அந்தப் பயணம் தேவைப்படவில்லை.

பயணம் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது, காலையில் விரல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ஒரு பக்கம் பலம் குறைவது இவற்றில் ஏதும் இருந்தால் அது வேறு வருத்தமாக இருக்கலாம். அப்போது தாமதிக்க வேண்டாம். அதற்கும் முதலில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, கல்முனை, அம்பாறை ஆஸ்பத்திரிகளுக்கோ போய்ப் பார்த்து, அங்கே பரிந்துரைத் துண்டு வாங்கிக்கொண்டு போவதுதான் முறை.

எண்ணெயை நான் குறைவாகப் பேச மாட்டேன். எங்கள் அம்மம்மாவின் கையில் நொச்சி இலை ஒத்தணம் வாங்கிய உடம்பு இது. 21 நாள் ஒரு பரியாரியாரிடம் எண்ணெய் போட்டேன், அந்த நாட்கள் உண்மையாகவே இதமாக இருந்தன. சூடு இருந்தது, தொடுகை இருந்தது, வீட்டு வேலையில் இருந்து விடுதலை இருந்தது, என் நோவை நம்பிக் கேட்கிற ஒரு மனிதர் இருந்தார். இந்த வருத்தம் உள்ளவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவருக்குத் தெரியும். ஆனால் முடிந்து பத்து நாளில் நோவு பழையபடி வந்தது. தொடர்ந்து போடக் காசு இல்லை. மாரிக் கேள்வியில் எண்ணெய் அங்கேதான் விழுகிறது.

இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அழுத்திப் பிசைந்து நரம்பு எடுக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள், நோவைப் பெரிதாக்குகிற உடம்பை அது இன்னும் உசுப்பிவிடும். மற்றது, பெயர் இல்லாத சூரணமும் உருண்டையும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றைச் சாப்பிட்டு இரண்டு கிழமையில் நோவெல்லாம் பறந்தது என்றார். மூன்றாம் மாதம் முகம் நிலா மாதிரி ஊதியது. அதில் ஸ்டெரொய்ட் கலந்திருந்தது என்று பிறகு வைத்தியர் சொன்னார். உள்ளுக்குச் சாப்பிடுவது என்றால் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் மட்டும், அதையும் கிளினிக் வைத்தியரிடம் சொல்லிவிட்டு.

மச்சாள் கேட்காத ஐந்தாவது வழி ஒன்று இருக்கிறது. மனதுக்கான ஆலோசனை. காரைதீவும் கல்லடியும் 2004 இல் கடலிடம் கொடுத்ததை எழுத எனக்குக் கை வராது. அதற்கு முன்னும் பின்னும் பட்டதும் இருக்கிறது. நோவு மனதில் இருந்து கிளம்புகிற கற்பனை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நோவோடு வாழ்வதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை உதவுகிறது, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. நான் மனநலப் பிரிவு வாசலில் நின்று, தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். உள்ளே போய் ஆறு தரம் பேசியதில், இரவில் "நாளைக்கும் நோகுமே" என்று கிடந்து யோசிக்கிற பழக்கம் குறைந்தது.

அவளுக்கு நான் சொன்ன முடிவு இது. கொழும்பு இப்போதைக்கு வேண்டாம், வீக்கமோ காய்ச்சலோ வந்தால் பார்ப்போம். இரவுக் குளிசையைப் போடு. தூக்கம் வந்தவுடன் நடையைத் தொடங்கு, இரண்டையும் 12 கிழமை பிடித்துப் பார். பரியாரியாருக்குக் கொடுக்க வைத்த காசில் கால் பங்குக்கு நல்லெண்ணெய் வாங்கு, சனிக்கிழமை தம்பியைக் கொண்டு மெல்லத் தடவுவித்து வெந்நீரில் குளி. தேங்காய் திருவுவதை மூத்தவனிடம் கொடு, அவன் கை ஒன்றும் தேயாது. பன்னிரண்டாவது கிழமை நோவு எத்தனை என்று எண்ணாதே. தூங்கிய இரவு எத்தனை, போன கம்பம் எத்தனை, நீயே சமைத்த நாள் எத்தனை என்று எழுதி வை. அதில் மாற்றம் இல்லாவிட்டால் குளிசையை மாற்றச் சொல்லிக் கேட்போம்.

நேற்று மறுபடியும் எடுத்தாள். நாலாம் கிழமை. ஐந்தாவது கம்பம் வரை போய்விட்டாளாம், மூன்று நாளாகத் தொடை உளைகிறதாம். விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். இன்றைக்கு மூன்றாவது கம்பத்தோடு திரும்பு என்றேன். வியாழக்கிழமை கிளினிக். கேட்க வேண்டியதைக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதச் சொன்னேன்: வாய் காய்கிறது, டீஎஸ்எச் எடுக்கவில்லை, பிசியோதெரபிக்கு ஒரு துண்டு வேண்டும்.